மூக்குப் பாரம்

போன மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னாலேயே, டெனிஸ் ஹாலிவெல் பிரெஸ்டனில் தன் வீட்டு வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்து, கேரவனின் மூக்கை நான்காவது தடவையாக எடை போட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று கிலோ. முதல் மூன்று தடவையும் அதேதான் வந்தது. அவள் கணவன் ரோலண்ட் காருக்குள் உட்கார்ந்து, மடியில் தேநீர்க் குடுவையை வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக எதிர்வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்து உதவுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

நான் டெனிசோடு ஒரே பள்ளிச் சமையலறையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். நடந்தது எல்லாவற்றையும் அவள் எனக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போது கொஞ்சம், தட்டு அடுக்கும்போது கொஞ்சம் என்று வந்தது. நான் வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

கேரவன் என்னும் வீட்டுவண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்காதவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் போதும். வண்டியின் எடை கிட்டத்தட்ட முழுவதும் அதன் நடுவில் இருக்கும் இரண்டு சக்கரத்தின் மேல் நிற்கிறது. முன்னால் நீண்டிருக்கும் மூக்கு, காரின் பின்னாலிருக்கும் இரும்பு உருண்டையின் மேல் உட்காருகிறது. அந்த மூக்கு எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் கணக்கு. குறைவாக அழுத்தினால் கேரவனின் பின்பக்கம் வாலாட்ட ஆரம்பிக்கும். அதிகமாக அழுத்தினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரத்துக்குப் பிடி போய்விடும். அவர்களுடைய காருக்கு எழுபத்தைந்து கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருந்தது.

அதற்கு முந்தைய வருடம் ஜூன் மாதத்தில் அவர்களுடைய பழைய கேரவன் கவிழ்ந்தது. எம்-6 நெடுஞ்சாலையில், ஷாப் மேட்டில் ஏறி முடித்து பென்ரித் பக்கம் இறங்கும் சரிவில். ரோலண்ட் ஓட்டினான். ஒரு பேருந்து அவர்களைத் தாண்டிப் போனது, அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ காரின் இடுப்பைப் பிடித்து ஆட்டுவதுபோல் இருந்தது என்று டெனிஸ் சொன்னாள். ஒரு ஆட்டம், அதைவிடப் பெரிதாக இன்னொன்று, அதைவிடப் பெரிதாக மூன்றாவது. ரோலண்ட் பிரேக்கை மிதித்தான். கேரவன் மடங்கி வந்து தடுப்பில் மோதி, பக்கவாட்டில் விழுந்து, காரைத் திருப்பிப் போட்டது. எதிரே வருகிற வண்டிகளை முன்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி அவர்கள் நின்றார்கள். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் உயிர் போகவில்லை. ரோலண்டின் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. டெனிசுக்குக் கீறல்தான்.

கேரவனின் பின்சுவரில் இரண்டு பாட்டரி சைக்கிள்கள் மாட்டியிருந்தன. அவை டெனிசின் ஆசை. கடற்கரைச் சாலையில் ஓட்டலாம் என்று அவள்தான் வாங்கினாள், அவள்தான் பின்னால் மாட்டச் சொன்னாள். ரோலண்ட் வேண்டாம் என்றான். முந்தின நாள் சாயங்காலம் அதற்காகப் பெரிய சண்டை. அதனால் புல்தரையில் படுத்துக்கொண்டு போலீஸ்காரரிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை, சைக்கிள் வேண்டாம்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன் என்பதுதான். ஆஸ்பத்திரியிலும் அதைச் சொன்னான். மகள் கிர்ஸ்டியிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். ரோலண்ட் முப்பது வருடம் ஹீஷம் துறைமுகத்தில் கப்பலில் சரக்கு ஏற்றும் ஆட்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவன். எந்த லாரி எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் எத்தனை டன் என்று சொன்னவன். அவன் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இல்லை.

மருமகன் க்ரெய்க் நல்லவன்தான், ஆனால் ஒரு சிரிப்பு கிடைத்துவிட்டால் அதை விடமாட்டான். கிறிஸ்துமஸ் விருந்தில் மேஜை லேசாக ஆடியபோது, "டெனிஸ், உங்க நாற்காலிக்குப் பின்னாடி எதையாவது மாட்டி வச்சிருக்கீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டெனிசும் சிரித்தாள். பிறகு எழுந்து போய், கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள்.

அந்த வருடம் முழுக்க அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வேலைக்கு வரும் பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வருவாள். சமையலறை அலமாரியில் தக்காளி டின்களை இறக்கி வேறு தட்டில் அடுக்குவாள், மத்தியானம் மறுபடி இடம் மாற்றுவாள். நான் ஒரு நாள், உட்காரேன், உன்னப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது என்றேன். உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

ஜனவரியில் அவள் யாரிடமும் கேட்காமல் கார்ஸ்டாங்கில் ஒரு பழைய கேரவனைப் பார்த்து வாங்கிவிட்டாள். ரோலண்டின் முகம் வெளுத்துப் போயிற்று. தோள் இன்னும் சரியாகவில்லை, ஓட்ட முடியாது என்றான். நீ ஓட்ட வேண்டாம், நான் ஓட்டுகிறேன் என்றாள். அவள் அதுவரை ஒரு தடவைகூட எதையும் இழுத்து ஓட்டியதில்லை. அதனால் ஏப்ரலில், கைவிடப்பட்ட ஒரு பழைய விமானத்தளத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனாள்.

சொல்லிக்கொடுத்தவள் மொய்ரா என்ற ஸ்காட்லாந்துக்காரி, ராணுவத்தில் லாரி ஓட்டியவள். முதல் நாள் பின்னால் எடுப்பது, திருப்புவது. இரண்டாம் நாள் காலையில் மொய்ரா ஒரு நீளமான டிரெய்லரின் முன்முனையில் மூன்று மணல் மூட்டை, பின்முனையில் மூன்று மணல் மூட்டை வைத்தாள். மூக்கை எடை போடச் சொன்னாள். எழுபத்தைந்து. சரியாக இருக்கிறது என்றாள் டெனிஸ். ஓட்டிப் பாருங்க என்றாள் மொய்ரா. நாற்பது மைல் வேகம் வருவதற்குள் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. டெனிசின் கை உறைந்துபோயிற்று. பக்கத்தில் இருந்த மொய்ரா, காலை எடுங்க, பிரேக் வேண்டாம், ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுட்டுச் சும்மா இருங்க என்று மெதுவாகச் சொன்னாள். வேகம் குறையக் குறைய அது அடங்கியது.

பிறகு ஆறு மூட்டையையும் நடுவில், சக்கரத்துக்கு மேலே வைத்தார்கள். மூக்கு மறுபடி எழுபத்தைந்து. இந்தத் தடவை அறுபதில் போனாலும் டிரெய்லர் சமர்த்தாகப் பின்னால் வந்தது.

"மூக்கு சரியா இருந்தா மட்டும் பத்தாது," என்றாள் மொய்ரா. "ரெண்டு முனையிலயும் கனத்தை வச்சீங்கன்னா நம்பர் அழகா வரும். ஆனா ஆட ஆரம்பிச்சா நிக்காது."

டெனிஸ் பழைய விபத்தைச் சொன்னாள். எல்லாம் என் சைக்கிளால் என்றாள். மொய்ரா சைக்கிளின் எடை, கேரவனின் நீளம் எல்லாம் கேட்டாள். ஒரு காகிதத்தில் ஏதோ போட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காலைல மூக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"எழுபத்தஞ்சு. அவர் எடை போட்டுட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு."

"சைக்கிள் மாட்டுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்."

மொய்ரா காகிதத்தை மடித்து டெனிசின் கையில் கொடுத்தாள். "அப்படின்னா மூக்குக்கு மேல இருக்கிற முன்பெட்டியில ஏதோ கனமா இருந்திருக்கணும். சைக்கிள் மாட்டினா முப்பது கிட்டதான் வரும். அதை எழுபத்தஞ்சுக்குக் கொண்டு வரணும்னா சும்மா வராது."

அந்தக் காகிதம் மூன்று வாரம் டெனிசின் கைப்பையில் கிடந்தது. அவள் ரோலண்டிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பதைவிட, பதில் வந்த பிறகு தான் என்ன செய்யப்போகிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்த மூன்று வாரமும் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சட்டியையும் நாற்காலியையும் குளியலறைத் தராசில் வைத்து எடை பார்த்தாள். கனமானதெல்லாம் நடுவில், தரையோடு தரையாக. மேல் அலமாரியில் துண்டும் பிஸ்கட்டும் மட்டும். கேரவன் வாசலில் கட்டும் முன்கூடாரத்தைச் சக்கரத்துக்கு மேலே கிடத்தினாள். பின்னால் ஒன்றுமே இல்லை, ஒரு துடைப்பம்கூட இல்லை. ரோலண்ட் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் திரும்பினால் அங்கே இருக்கமாட்டான்.

அந்தச் சனிக்கிழமை லங்காஸ்டர் தாண்டும்வரை காற்று இல்லை. லூன் பள்ளத்தாக்கில் நுழைந்ததும் சாலையோரத்தில் காற்றின் வேகம் காட்டும் துணிப்பை கம்பத்துக்குக் குறுக்கே விறைத்து நின்றது. டெனிஸ் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. லாரி ஒவ்வொன்றும் பின்னால் வந்து, தாண்டி, காற்றால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனது. ரோலண்ட் ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துப் பிடிப்பது அவளுக்குக் கேட்டது. பக்கக் கண்ணாடியை இத்தனை தடவை பார்க்காதே என்றான். சிறிது நேரம் கழித்து, பக்கக் கண்ணாடியைப் பார்த்தாயா என்றான். டீபே ஓய்விடம் வந்ததும் அவள் விளக்கைப் போட்டு உள்ளே திருப்பினாள். அடுத்தது ஷாப் மேடு.

நிறுத்தியதும் இறங்கிப்போய்க் கொக்கியைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், சக்கரத் திருகுகளைத் தொட்டுப் பார்த்தாள். முன்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரே கேஸ் சிலிண்டரின் பட்டையை இழுத்துப் பார்த்தாள். ரோலண்ட் பக்கத்தில் வந்து நின்றான். போதும் டெனிஸ், எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றான். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அன்னிக்கு இந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு, ரோலண்ட்?"

"எப்பவும் இருக்கிறதுதான். சிலிண்டர்."

"அப்படின்னா முப்பதுதான் வந்திருக்கும்."

அவன் குடுவையின் மூடியைத் திறந்தான், மறுபடி மூடினான். "முப்பத்திரண்டு," என்றான்.

அவன் கேரவனைப் பார்த்தபடி சொன்னான். கொல்லைப்புறத்தில் தளம் போட்டு மிச்சமான சதுரக் கற்கள் கொட்டகையில் கிடந்தன. அதில் மூன்றை எடுத்து, சத்தம் வராமல் இருக்கப் பழைய துண்டில் சுற்றி, முன்பெட்டியில் வைத்தான். எண் எழுபத்தைந்துக்கு வந்து நின்றது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். விழுந்தபோது கற்கள் தெறித்து வெளியே போயின. வண்டியைத் தூக்க வந்தவன் இது யாருடையது என்று கேட்டான். சண்டைக்குப் பயந்து இவன் தெரியாது என்றான்.

"முந்தின நாள் அவ்வளவு சண்டை. மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல," என்றான். "நம்பர் வந்துச்சு. வந்தா போதும்னு நினைச்சேன்."

"சரக்கு ஏத்துறது உன் தொழில்."

"ஆமா. அதனாலதான் சொல்ல முடியல."

"போலீஸ்காரர்கிட்ட சொன்னப்போ கல்லும் ஒரு காரணம்னு தெரியுமா உனக்கு?"

"அப்போ தெரியாது. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ புரிஞ்சுது. அதுக்குள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

டெனிஸ் குனிந்து, தனியாக நிறுத்தும்போது மூக்கைத் தாங்கும் கேரவனின் சின்ன முன்சக்கரத்தை இறக்கினாள். மின்கம்பியைக் கழற்றினாள், சங்கிலியைக் கழற்றினாள், மூக்கைத் தூக்கிக் காரிலிருந்து பிரித்தாள். காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக் கிளம்பிவிட்டாள். ரோலண்ட் கேரவனின் பக்கத்தில் குடுவையோடு நின்றான்.

வீட்டுக்குப் போய்விடுவது என்றுதான் கிளம்பினாள். ஆனால் அந்த ஓய்விடத்திலிருந்து வெளியேறினால் வடக்கே போகத்தான் வழி. தெற்கே திரும்ப வேண்டுமானால் அடுத்த சந்திப்பு வரை, அந்த மேட்டின் மேலேயே போயாக வேண்டும். வெளியேறும் வாயிலை ஒட்டி வந்து அவள் மறுபடி வளைந்து கார் நிறுத்தத்துக்குள்ளேயே திரும்பினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. குளத்தில் வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், இடம் தேடுகிறாள் என்று நினைத்துக் கையைக் காட்டி ஒரு காலி இடத்தைச் சுட்டினாள். டெனிஸ் அவளுக்கு நன்றி சொல்லிக் கையை ஆட்டிவிட்டு மூன்றாவது சுற்றுப் போனாள். அழுகை வரவில்லை என்றாள் என்னிடம். ஒரு வருடமாகக் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவியது, டின்னை இடம் மாற்றியது, பேருந்திலிருந்து முன்னாலேயே இறங்கியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோபம் வந்தது என்றாள்.

கடைசியில் கேரவனுக்கு முன்னால் வந்து காரைப் பின்னால் எடுத்தாள். ரோலண்ட் குடுவையைத் தரையில் வைத்துவிட்டு, இடது கையால் வழி காட்டினான். முதல் தடவையிலேயே உருண்டை மூக்குக்கு நேர் கீழே வந்து நின்றது. மாட்டி முடித்ததும் அவள் தன் போனை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"கிர்ஸ்டிக்குப் போடு. இப்பவே சொல்லு."

போனை எடுத்தது க்ரெய்க். கிர்ஸ்டி கடைக்குப் போயிருந்தாள். பரவாயில்லை, அவனிடமே சொல் என்று டெனிஸ் சைகை காட்டினாள். ரோலண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"க்ரெய்க், போன வருஷ விஷயம். சைக்கிள் மட்டும் இல்ல. நான் முன்னாடி மூணு கல்லை வச்சேன். டெனிசுக்குத் தெரியாது."

"கல்லா? எதுக்கு?"

"நம்பர் சரியா வரணும்னு."

போனில் தொலைக்காட்சிச் சத்தம் அணைந்தது. பிறகு க்ரெய்க், அவங்க பக்கத்துல இருக்காங்களா என்று கேட்டான்.

"இருக்கேன்," என்றாள் டெனிஸ்.

"நான் அந்தக் கிண்டலெல்லாம்..."

"பத்து தடவை பண்ணின, க்ரெய்க்."

"பதினொண்ணு இருக்கும்," என்றான் அவன். "மன்னிச்சுக்குங்க. கிர்ஸ்டிகிட்ட நானே சொல்றேன்."

ஷாப் மேட்டில் ஏறும்போது மழைத்தூறல் ஆரம்பித்தது. உச்சியைத் தாண்டிச் சரிவு தொடங்கும் இடத்தில் டெனிஸ் முன்கூட்டியே காலைத் தளர்த்தி, வேகம் ஐம்பதைத் தாண்டாமல் வைத்தாள். பழைய தடுப்பில் ஒரு பகுதி மட்டும் புதிதாகப் பளபளத்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள், சரக்கில்லாத ஒரு பெரிய லாரி, பக்கத் துணி படபடக்க, அவர்களைத் தாண்டியது. அதன் பின்முனை தாண்டிய நொடியில் கேரவன் ஒரு பக்கம் இழுத்தது. பிறகு மறுபக்கம்.

ரோலண்டின் வலது கை ஸ்டியரிங்கை நோக்கிப் பாதி தூரம் வந்தது. அவள் அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். கை அங்கேயே நின்றது. அவன் அதைத் திரும்ப இழுத்துத் தன் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

அவள் காலை எடுத்தாள். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். சும்மா இருப்பதுதான் தன் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான வேலை என்றாள் என்னிடம். மூன்றாவது ஆட்டம் முதலாவதைவிடச் சின்னதாக இருந்தது. நான்காவது இல்லை. வேகமுள் நாற்பத்திரண்டில் நின்றது. பின்னால் கேரவன் நேராக வந்துகொண்டிருந்தது. பென்ரித் தாண்டிய பிறகுதான் தன் தாடை வலிப்பது அவளுக்குத் தெரிந்தது, அவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வடகிழக்குக் கடற்கரையில், பீட்னல் பக்கத்தில் ஒரு பண்ணையின் புல்வெளியில் கேரவனை நிறுத்தினார்கள். ஒன்பது நாள் தங்கினார்கள். முதல் மூன்று நாள் அவள் அவனோடு தேவையானதைத் தவிர எதுவும் பேசவில்லை. காலையில் எழுந்ததும் கடற்கரையில் நடக்கப் போவாள், அவன் பத்தடி பின்னால் வருவான். அவள் நின்றால் அவனும் நிற்பான். நாய் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான்காவது நாள் மழை. சீஹவுசஸ் ஊரில் ஒரு கடையில் புகையூட்டிய மீன் வைத்த பன் வாங்கிக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சைக்கிளை இறக்கியிருப்பேனே என்றாள் டெனிஸ்.

"இறக்கியிருக்க மாட்டே," என்றான் ரோலண்ட்.

அவள் பன்னை மென்றுகொண்டே யோசித்தாள். இதை எனக்குச் சொன்ன நாளில் சமையலறையில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அவன் சொன்னது சரிதான், நான் இறக்கியிருக்க மாட்டேன்," என்றாள். "அதுக்காக அவன் கல்லை வச்சது சரியாயிடுமா?" நான் ஆகாது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

ஊர் திரும்பும் நாளில் காற்று இல்லை. ஹெக்ஸம் பக்கத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் அவள் இறங்கி, காரைச் சுற்றி வந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கார்லைல் வரை நீ ஓட்டு என்றாள். அவன் தோளைத் தொட்டுக் காட்டினான். தோளுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் அக்டோபரிலேயே சொல்லிவிட்டார், அவளுக்கும் தெரியும். அவன் இறங்கினான். போய் மூக்கை எடை போட்டுப் பார்த்தான், கொக்கியைப் பார்த்தான், பிறகு ஓட்டுகிறவன் இருக்கையில் உட்கார்ந்து அரை நிமிடம் கையைத் துடைத்துக்கொண்டான்.

நாற்பதுக்கு மேல் போகவே மாட்டேன் என்றான். இரண்டு பக்கமும் கல்வேலி, தாண்ட இடமில்லாத சாலை. பத்து நிமிடத்தில் பின்னால் இருபது, முப்பது வண்டிகள் வரிசை கட்டின. ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான். டெனிஸ் ஒரு சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் ஒதுங்குமிடம் வந்ததும் ரோலண்ட் நிறுத்தி, எல்லோரையும் போகவிட்டான். வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. சிலர் கையைத் தூக்கி நன்றி சொன்னார்கள். அந்த வேன்காரன் சொன்னது வேறு. ரோலண்டின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீ எடுத்துக்கறியா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள் டெனிஸ். "போ."

அவன் கண்ணாடியைப் பார்த்தான், விளக்கைப் போட்டான், சாலைக்கு வந்தான். கார்லைல் இன்னும் முப்பது மைல் இருந்தது. அவனே ஓட்டினான்.